ஆறும் இல்ல, ரயிலும் இல்ல, காங்கயம் எப்படி வளந்துச்சு?

திருப்பூர்ல இருந்து கரூர் பக்கம் போறப்பல்லாம் காங்கயத்தத் தாண்டறேன், ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ரைஸ் மில்லு, எண்ணெய் மில்லு, ஏக்கர் கணக்குல தேங்கா காயப்போட்ட களம், ஆனா ஊருக்குள்ள ஒரு ஆறு கிடையாது, ரயில்வே ஸ்டேஷன் கிடையாது, சுத்தியும் வறண்ட காடு, இது எப்படி வளந்துச்சு, காளைமாட்டத் தாண்டி இந்த ஊருக்கு என்ன இருக்கு, அங்க ஒரு சைட் வாங்கலாமான்னு கேட்டிருந்தீங்க. நான் அந்த ஊருக்குத் தெக்கால ஒரு கிராமத்துல பொறந்து வளந்தவன், எங்க அப்பாரு கொறங்காட்டுல (உயிர்வேலி போட்ட மேய்ச்சல் நெலம்) மாடு வெச்சிருந்தவரு, தாய்மாமா தேங்காப் பருப்பு, அதாவது கொப்பரை, காயவெக்கற களம் வெச்சிருந்தாரு, அதனால இது எனக்கு நெருக்கமான விஷயம், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

சுருக்கமா சொல்லணும்னா, நீங்க வறட்சின்னு எதப் பாத்தீங்களோ அதுதாங்க இந்த ஊரோட மொதல். தண்ணி இருக்கற ஊருக்காரங்க தண்ணிய வெச்சுப் பொழைக்கறாங்க, காங்கயத்துக்காரங்க வெயிலயும் காத்தயும் வெச்சுப் பொழைச்சாங்க. மாடும் அதுல வந்ததுதான், தேங்கா எண்ணெயும் அதுல வந்ததுதான், அரிசி மில்லும் பாதி அதுல வந்ததுதான். எங்க பக்கம் "காய்ச்சல்"ன்னு ஒரு வார்த்த இருக்கு, ஒடம்புக்கு வர்ற காய்ச்சல் இல்லைங்க, ஒரு பொருள் எந்தளவுக்குக் காஞ்சிருக்குங்கறது. "பருப்புக்கு இன்னொரு நாள் காய்ச்சல் வேணும்", "இது நல்ல காய்ச்சல்" அப்படீன்னு களத்துல பேசிக்குவாங்க. அந்த ஒரு வார்த்தையப் புடிச்சுட்டுப் போனா ஊரு முழுசும் புரிஞ்சுடும்.

மொதல்ல மண்ணு. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கால மழை மறைவுப் பிரதேசம் இது, வருசத்துக்கு 600 மில்லிமீட்டர் பேஞ்சா நல்ல வருசம்னு சொல்லுவோம், அதுலயும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகைல பேஞ்சு முடிஞ்சுடும். ஆனி ஆடில கேரளாவுல கொட்டித் தீக்கற அதே நேரத்துல எங்களுக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியா வெறும் காத்து மட்டும் வரும், மழையெல்லாம் மலைக்கு அந்தப்பக்கமே எறங்கிடும், மிச்சம் வர்றது வறட்டுக் காத்து. செம்மண்ணு, சரளக்கல்லு, கொஞ்சம் தோண்டுனா சுண்ணாம்புக்கல்லு. இதுல நெல்லு வாழைக்கெல்லாம் வழியில்ல. கெணத்துல தண்ணி இருக்கறவன் தோட்டம் பண்ணுவான், இல்லாதவன் காட்டுல மானாவாரியா சோளம் கம்பு கொள்ளு வெதைப்பான், அதுவும் சரிவராத நெலத்த அப்படியே புல்லுக்கு விட்டுடுவான். அப்படி விட்ட நெலந்தான் கொறங்காடு.

கொறங்காடு பத்தி கொஞ்சம் நின்னு சொல்றேன், ஏன்னா இது எங்க பக்கத்துக்காரங்க தலைமொறை தலைமொறையா கண்டுபுடிச்ச ஒரு பெரிய ஏற்பாடு, ஆனா வெளிய அதிகம் பேர் தெரிஞ்சுக்கல. சில ஏக்கர் நெலத்தச் சுத்தி கிளுவை முள்ளு உயிர்வேலியா வெப்பாங்க, கிளுவைக் குச்சிய மழைக்காலத்துல நட்டு விட்டா அது வேர்புடிச்சு, வருசம் போகப்போக பின்னிப் பெணஞ்சு, ஆட்டுக்குட்டிகூட நுழைய முடியாத செவராயிடும், தண்ணி ஊத்த வேண்டாம், கம்பி வாங்க வேண்டாம். உள்ள கொழுக்கட்டைப் புல்லு, அது நாலு மாசம் மழையே இல்லைன்னாலும் காஞ்சு கெடக்கும், ஒரு மழை விழுந்தா ஒரு வாரத்துல பச்சை புடிச்சுடும். நடுநடுவே வெள்வேல மரம், நிழலுக்கு ஆச்சு, அதோட காய் கோடையில ஆடுமாட்டுக்குத் தீனி ஆச்சு. இந்த வேலிக்குள்ள மாட்டையும் செம்மறியாட்டையும் விட்டுட்டு படலச் சாத்திட்டு வந்துட்டா மேய்க்க ஆள் வேண்டியதில்ல, ராத்திரியும் அங்கயேதான் கெடக்கும். ஒரு காடு தின்னு முடிஞ்சா அடுத்த காட்டுக்கு மாத்தி விடறது, இந்தக் காடு அதுக்குள்ள தெளிஞ்சுக்கும். எங்க அப்பாரு புல்லக் கையில புடிச்சுப் பாத்துட்டு "இன்னும் பதினஞ்சு நாள் தாங்கும்"னு சொன்னா பதினஞ்சு நாள்தான்.

காங்கயம் மாடு இந்தக் கொறங்காட்டுல வளந்த மாடு. காஞ்ச புல்லத் தின்னு, வெயில் தாங்கி, கல்லு மேட்டுல நடந்து நடந்து வந்த கட்டு ஒடம்பு அது, சுண்ணாம்பு மண்ணுப் புல்லு தின்னுதான் எலும்பு அவ்வளவு உறுதின்னு பெரியவங்க சொல்வாங்க. கன்னு பொறக்கறப்ப செவலையா இருக்கும், ஆறு மாசம் போல ஆனா சாம்பல் நெறத்துக்கு மாறும், பசுவ மயிலைன்னு சொல்லுவோம், காளைக்கு வயசு ஏற ஏற தலை, கழுத்து, திமில், தொடைப்பக்கம் எல்லாம் கருத்து காரியாயிடும், காயடிச்சுட்டா திரும்ப வெளுத்துடும். இந்த இனத்தத் தேர்ந்தெடுத்து ஒரு ஒழுங்குக்குக் கொண்டு வந்ததுல பழையகோட்டை பட்டக்காரர் (பரம்பரைத் தலைவர்) குடும்பத்துக்கு பெரிய பங்கு இருக்கு, குறிப்பா நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் பேர எல்லாரும் சொல்வாங்க. பழையகோட்டைல ஞாயித்துக்கெழம கூடற மாட்டுத்தாவணி (மாட்டுச் சந்தை) இன்னைக்கும் காங்கயம் மாட்டுக்குன்னே நடக்குது. அது போக கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேர்த்திருவிழா சமயத்துல சித்திரைல ஒரு தாவணி, ஆடில அந்தியூர் குருநாதசாமி கோயில் தாவணின்னு காங்கயம் மாடு பூராவும் ஒரு எடத்துல பாக்கற மாதிரி சந்தைங்க இருக்கு.

இங்க ஒரு திருத்தம் சொல்லிடறேன். 2017 ஜனவரில மெரினாவுல போராட்டம் நடந்தப்ப பாதி பேரு போட்டோல வெச்சிருந்தது காங்கயம் காளை, அதனால இத ஜல்லிக்கட்டு மாடுன்னே நெறையப் பேர் நெனச்சுக்கறாங்க. மதுரை சிவகங்கைப் பக்கம் வாடிவாசல்ல வர்றது பெரும்பாலும் புளிக்குளம் மாதிரி இனங்க. எங்க பக்கம் மாடு உழைக்கற மாடு, அதோட பெருமை கவலை ஓட்டறதுலயும் (கெணத்துத் தண்ணி எறைக்கறது) பாரம் இழுக்கறதுலயும் இருந்துச்சு, வெளையாட்டுன்னா ரேக்ளா வண்டிப் பந்தயம். அந்தப் போராட்டத்தால நாட்டுமாடு மேல ஒரு அக்கறை வந்துச்சு, அதுக்கு முன்னாடியே குட்டப்பாளையத்துல சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி மையம் கார்த்திகேய சிவசேனாபதி தலைமைல மாட்டோட சேத்து கொறங்காட்டையும் காப்பாத்தணும்னு பேசிட்டு இருந்துச்சு, அந்த ரெண்டாவது விஷயம்தான் முக்கியம்னு நான் நெனைக்கறேன், மேயறதுக்கு எடம் இல்லாம மாட்ட மட்டும் வெச்சுக் காப்பாத்த முடியாது.

மாடு ஏன் கொறஞ்சுச்சுன்னா அதுக்கும் காரணம் தண்ணிதான். ஆழமான கெணத்துல இருந்து தண்ணி எறைக்க கவலைன்னு ஒரு முறை, சரிவான பாட்டைல ரெண்டு எருது எறங்கி இழுக்க, தோல்ல தெச்ச தும்பி வழியா தண்ணி வாய்க்கால்ல கொட்டும். ஒரு நாளைக்கு நூத்துக்கணக்கான தடவ ஏறி எறங்கணும், அதுக்கு காங்கயம் எருத மிஞ்ச ஆள் கெடையாது. அந்தத் தோல் தெச்சுக் குடுத்ததும், விடியக்காலைல இருந்து கவலை ஓட்டுனதும், பண்ணையத்துல வருசக் கூலிக்கு இருந்ததும் பெரும்பாலும் அருந்ததியர் வீட்டு ஆளுங்க, ஊரு வளந்த கதைல அவங்க ஒழைப்புக்குப் பேரே வர்றதில்ல, நெலமும் வந்து சேரல, அத நான் சொல்லாம விட்டா இது முழுக் கதை ஆகாது. 1932-ல பைக்காரா மின்சாரம் வந்தப்புறம் கோயமுத்தூர் ஜில்லால கொஞ்சங் கொஞ்சமா கெணத்துக்கெல்லாம் மோட்டார் வந்துச்சு, கவலை நின்னுச்சு, அப்புறம் டிராக்டர் வந்துச்சு, லாரி வந்துச்சு, பாலுக்கு ஜெர்சி வந்துச்சு. காங்கயம் பசு நேரத்துக்கு ஒண்ணு ரெண்டு லிட்டர் கறந்தா பெருசு, அத வெச்சு பால் சொசைட்டில கணக்குப் பாத்தா ஆகாது. எங்க வீட்டுலயே கடைசி சோடி எருத வித்தது நான் அஞ்சாவது படிக்கறப்ப, அப்பாரு அன்னைக்கு சாயங்காலம் சோறு திங்கல.

இன்னும் பழைய காலத்துக்குப் போனா, இந்தப் பூமியோட வறட்டுப் பாறைக்குள்ளயே ஒரு சொத்து இருந்துச்சு. திருப்பூர் ரோட்டுல படியூர்னு ஒரு ஊரு வருமே, நீங்க தாண்டித்தான் வந்திருப்பீங்க, அங்க பெரில்னு சொல்ற கடல்நீலப் பச்சைக்கல்லு கெடைச்சுது. கல்லு வெட்டற வேலை நடந்தது வடக்கால நொய்யல் கரையில கொடுமணல்ல, பதிற்றுப்பத்துல "கொடுமணம்"னு வர்ற ஊரு அதுதான், 1985-ல இருந்து பல தடவ தோண்டிப் பாத்ததுல பெரில், சூதுபவளம், பளிங்குன்னு மணி செஞ்ச பட்டறை, இரும்பு உருக்குன உலை, தமிழி எழுத்துல பேர் கீறுன பானை ஓடு எல்லாம் கெடைச்சுது. ரோமாபுரில பெரிலுக்கு ஏகப்பட்ட மவுசு, இந்தியாவத் தாண்டி வேற எடத்துல கெடைக்கறது அபூர்வம்னு அந்தக் காலத்து ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வெச்சிருக்காரு, எங்க சுத்துவட்டாரத்துல ரோமானியக் காசு பொதையலா கெடைக்கறதுக்குக் காரணம் அதுதான். மேற்குக் கடற்கரையில முசிறில இருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியா கரூருக்குப் போன பாதை இந்த வழிதான், இன்னைக்கு கோயமுத்தூர் கரூர் ஹைவே அதே பக்கந்தான் ஓடுது, 2000 வருசமா சரக்கு இந்தத் தெசைல போயிட்டே இருக்குன்னு நெனச்சுப் பாருங்க. படியூர்க் கல்ல வெள்ளைக்காரன் காலத்துல 1819-20 வாக்குல ஹீத்னு ஒருத்தர் தோண்டி 2,196 கல்லு எடுத்ததா பதிவு இருக்கு, அதுக்கப்புறம் குழில தண்ணி வந்து நின்னுபோச்சு. காங்கயத்துல ராசிக்கல்லு பட்டை தீட்டற ஆளுங்க இன்னமும் கொஞ்சம் பேர் இருக்காங்க, மழை பேஞ்சு ஓஞ்ச மறுநாள் காட்டுல கல்லு பொறுக்கப் போற பழக்கத்த நான் சின்ன வயசுல பாத்திருக்கேன்.

ஊரு அரசியலா எப்பவும் பெருசா இருந்ததில்ல, ஆனா நாடா இருந்துச்சு. கொங்கு 24 நாடுன்னு சொல்ற கணக்குல காங்கேய நாடு ஒண்ணு. 1756-ல இந்த நாட்டு மேலப்பாளையத்துல பொறந்தவர்தான் தீர்த்தகிரி. மைசூர்க்காரங்க வரிப்பணத்தத் தூக்கிட்டுப் போறப்ப வழிமறிச்சுப் புடுங்கி ஏழைகளுக்குக் குடுத்துட்டு "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவுல ஒரு சின்னமலை புடுங்கிக்கிச்சுன்னு போய்ச் சொல்லு"ன்னாராம், அப்படித்தான் தீரன் சின்னமலைன்னு பேர் வந்துச்சுங்கறது ஊர்க்கதை. அப்புறம் அதே மைசூர் திப்புவோட சேந்து வெள்ளைக்காரன எதுத்தாரு, ஓடாநிலைல கோட்டை கட்டி சண்டை போட்டாரு, 1805 ஜூலை 31 சங்ககிரிக் கோட்டைல தூக்குல போட்டாங்க. இந்தக் கதைல வர்ற ரெண்டு மலையும் மேகம் இல்லாத நாள்ல எங்க ஊர்ல இருந்து பாத்தா தெரியும், அதனால எங்களுக்கு அது பாடப்புத்தகமா படல, பக்கத்து வீட்டு விஷயம் மாதிரி இருக்கும்.

சிவன்மலை சொல்லாம காங்கயத்தச் சொன்னா கோவிச்சுக்குவாங்க. சின்ன மலை, முருகன் கோயிலு, அருணகிரிநாதர் பட்டாலியூர்னு திருப்புகழ் பாடுன எடம், தைப்பூசத்துக்குத் தேரு. ஆனா வெளியூர்ல எல்லாருக்கும் தெரிஞ்சது ஆண்டவன் உத்தரவுப் பெட்டி. பக்தர் யாரோ ஒருத்தர் கனவுல முருகன் வந்து ஒரு பொருளச் சொன்னா, அவரு கோயில்ல வந்து சொல்லணும், சாமிகிட்ட பூப் போட்டுக் கேப்பாங்க, உத்தரவு வந்துச்சுன்னா அந்தப் பொருள கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெப்பாங்க, அடுத்த கனவு வர்ற வரைக்கும் அதுதான் இருக்கும். மண்ணு, தண்ணி, தங்கம், நெல்லுன்னு எதெதோ வந்திருக்கு, தண்ணி வெச்சதுக்கப்புறம் சுனாமி வந்துச்சுன்னு இன்னைக்கும் சொல்வாங்க. எங்க பக்கம் மில்லு ஓனருங்க வெலைவாசி என்னாகும்னு பாக்க பெட்டில என்ன இருக்குன்னு விசாரிக்கறதுண்டு, நம்பிக்கையோடதான் விசாரிப்பாங்க.

சரி, மில்லுக்கு வருவோம், நீங்க கேட்டதே அதுதான.

மொதல்ல எங்க பக்கம் மானாவாரில கடலை இருந்துச்சு, கடலைக்கு செக்கு இருந்துச்சு, எண்ணெய் ஆட்டற கைப்பழக்கம் ஊருக்குள்ள இருந்துச்சு. பொறவு பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணி வந்தப்புறம் பொள்ளாச்சி உடுமலைப் பக்கம் தென்னை பெருகுச்சு. அங்க தேங்கா இருக்கு, ஆனா அங்கயும் கேரளாவுலயும் காத்துல ஈரம் ஜாஸ்தி, மழை நாளும் ஜாஸ்தி, பருப்பு பூசணம் புடிச்சுடும், பொகைல போட்டுத்தான் காயவெக்கணும், அப்ப எண்ணெய்ல பொகை வாசம் வரும். எங்க ஊர்ல வெயிலும் வறட்டுக் காத்தும் ஓசியா கெடைக்குது. மட்டை உரிச்ச தேங்காய லாரில கொண்டாந்து களத்துல எறக்கி, அருவாள்ல ரெண்டா ஒடச்சு, வாய் மேல பாக்க பரப்பி விட்டா ரெண்டு மூணு நாள்ல பருப்பு தொட்டிய விட்டு கழண்டு வரும் (தொட்டின்னா எங்க பக்கம் செரட்டை), அப்புறம் பருப்ப மட்டும் தனியா நாலஞ்சு நாள் காயப்போட்டா ஈரம் 6 சதவீதத்துக்கு எறங்கிடும், ஆட்டுனா பருப்பு எடைல அறுபது சதவீதத்துக்கு மேல எண்ணெய். எங்க மாமா பருப்ப எடுத்து ஒடச்சு அந்தச் சத்தத்துலயே காய்ச்சல் பத்துமா பத்தாதான்னு சொல்லுவாரு. இப்படித்தான் தென்னையே அதிகம் இல்லாத ஊரு தேங்கா எண்ணெய் ஊரு ஆச்சு, பொள்ளாச்சி, பேராவூரணி, கேரளான்னு எங்கிருந்தோ காய் வருது, எண்ணெயா மாறி திரும்ப கேரளாவுக்கே போகுது, கொச்சி வெலையோட சேத்து காங்கயம் வெலையும் பேப்பர்ல போடற அளவுக்கு வந்துச்சு.

ஒண்ணும் வீணாப் போறதில்ல. புண்ணாக்கு மாட்டுக்கு, தொட்டி கரிக்கு, கரி ஆக்டிவேட்டட் கார்பன் பேக்டரிக்கு, அங்கிருந்து தண்ணி சுத்தம் பண்ற பில்டருக்கு வெளிநாடு வரைக்கும். வெள்ளகோவில், முத்தூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல வாரா வாரம் கொப்பரை ஏலம் நடக்கும், அந்த ஏலத்து வெலை சாயங்காலத்துக்குள்ள எல்லாக் களத்துக்கும் போன்ல போயிடும். 2025-ல கொப்பரை கிலோ 200 ரூபாயத் தாண்டினப்ப ஸ்டாக் வெச்சிருந்தவன் ஏறுனான், ஆர்டர் எடுத்துட்டு சரக்கு வாங்கறவன் நசுங்குனான், இந்த ஊர்த் தொழிலுக்கு அந்த ரெண்டு பக்கமும் எப்பவும் உண்டு.

அரிசி மில்லும் பாதிக்கு இதே கதைதான். நெல்லு இங்க வெளையறது கீழ்பவானி வாய்க்கால் பாயற நத்தக்காடையூர், பழையகோட்டை, முத்தூர்ப் பக்கம் மட்டுந்தான், 1955 வாக்குல அந்தத் திட்டம் முடிஞ்சப்புறம் வந்த வெள்ளாமை அது. ஆனா மில்லுங்களுக்கு அது ஒரு மூலைக்குக்கூட காணாது, டெல்டால இருந்தும் கர்நாடகால இருந்தும் லாரி லாரியா நெல்லு வருது. புழுங்கலரிசிக்கு நெல்ல ஊறவெச்சு, அவிச்சு, காயவெச்சு அப்புறம்தான அரைக்கணும், அந்தக் காயவெக்கறதுக்கு வருசத்துல பெரும்பாலான நாளு வெயில் அடிக்கற களம் வேணும். இப்ப டிரையர், கலர் சார்ட்டர்னு மெசின் வந்துடுச்சு, களம் இல்லாமயே ஓட்டலாம், ஆனா மில்லு வந்து ஒக்காந்தது களத்த நம்பித்தான். நாலு தெசைக்கும் ரோடு போற ஊருங்கறது இன்னொரு காரணம், திருப்பூர், ஈரோடு, தாராபுரம், கரூர், பல்லடம் வழியா கோயமுத்தூர்னு எங்க வேணாலும் ரெண்டு மணி நேரத்துக்குள்ள சரக்கு போய்ச் சேரும். ஈரோட்டுல இருந்து காங்கயம், தாராபுரம் வழியா பழனிக்கு ரயில் விடறதப் பத்தி நான் பள்ளிக்கூடம் போன காலத்துல இருந்து கேட்டுட்டு இருக்கேன், இன்னும் தண்டவாளம் விழல.

நிர்வாகத்துல ஊரு மாறி மாறி போச்சு. கோயமுத்தூர் ஜில்லால இருந்துச்சு, 1979-ல ஈரோடு தனியா பிரிஞ்சப்ப அதோட போச்சு, 2009-ல திருப்பூர் மாவட்டம் வந்தப்ப இங்க வந்துச்சு. 1991-ல ஜெயலலிதா பர்கூர்லயும் காங்கயத்துலயும் நின்னு ரெண்டுலயும் ஜெயிச்சு காங்கயத்த விட்டுட்டாங்க. 2011 கணக்கெடுப்புல நகராட்சி ஜனத்தொகை 32 ஆயிரம் சொச்சந்தான், ஆனா ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல நின்னு பாத்தீங்கன்னா அந்த நம்பர் ஒரு பொருட்டே இல்லைன்னு தெரியும், சுத்துப்பட்டு பாளையம், வலசுங்கள்ல இருந்து வர்ற ஜனம், திருப்பூர் பனியன் கம்பெனி வேன்ல எறங்கற பொண்ணுங்க, மில்லுல வேலை பாக்கற ஒடிசா பீகார் பசங்க, எல்லாம் சேந்ததுதான் ஊரு. முன்னாடி களத்து வேலைக்கு தெக்கத்தி ஜில்லாக்கள்ல இருந்து குடும்பமா வருவாங்க, களத்தோரமே குடிசை போட்டு தங்குவாங்க, அவங்க பிள்ளைங்களோட நான் படிச்சிருக்கேன்.

ஊர் குணம்னு கேட்டா, கணக்குப் பாக்கற ஊரு. மழைய நம்பிப் பொழைச்சவன் எதையும் தூக்கி எறிய மாட்டான், பழைய சாக்குக்கும் வெலை வெப்பான். "வாங்க, போங்க"ன்னு கொழந்தையக்கூட மரியாதையாக் கூப்புடுவாங்க, ஆனா பணத்துல ஒரு பைசா விட்டுக்குடுக்க மாட்டாங்க. பங்காளி, மாமன் மச்சான் நாலு பேரு சேந்து மொதல் போட்டு மில்லு ஆரம்பிக்கறது வழக்கம், பேங்க் கடனுக்கு முன்னாடி சொந்தக்காரன் கைமாத்து. அந்தச் சொந்த வட்டத்துக்குள்ள இருக்கறவனுக்கு அது பெரிய பலம், வெளிய இருக்கறவனுக்கு உள்ள வர்றது இன்னைக்கும் சுலபம் இல்ல.

வருத்தப்படற விஷயமும் இருக்கு. மழைக்காலத்துல பருப்பு கெடாம இருக்க சில களத்துல கந்தகப் பொகை போடறாங்க, பளபளன்னு வெள்ளையா இருக்கும், ஆனா அது சாப்பாட்டு எண்ணெய்க்குப் போற பருப்பு. தேங்கா எண்ணெய்ல பாமாயில் கலக்கறதும் நடக்கறதாலதான் நல்ல மில்லுக்காரனுக்கும் கெட்ட பேரு. தொட்டிக்கரி சுடற எடத்துல பள்ளத்துல தண்ணி ஊத்தி அணைக்கறாங்க, அந்தத் தண்ணி எறங்கி சுத்துவட்டாரக் கெணறு நெறம் மாறிப்போச்சு, எங்க சித்தப்பா தோட்டத்துக் கெணத்துத் தண்ணிய மாடு மோந்து பாத்துட்டு தலையத் திருப்பிக்கும். வடக்கால நொய்யல்ல 1992-ல ஒரத்துப்பாளையம் அணை கட்டுனாங்க, வெவசாயத்துக்குன்னு கட்டுனது, திருப்பூர் சாயத்தண்ணி வந்து நெறஞ்சு அந்தப் பக்கத்து தென்னந்தோப்பே போச்சு, 2011-ல ஐகோர்ட் சாயப்பட்டறைங்கள மூடச் சொன்னதுக்கப்புறம்தான் கொஞ்சம் கட்டுப்பாடு வந்துச்சு. பரம்பிக்குளம் ஆழியாறு வெள்ளகோவில் கிளை வாய்க்கால்ல நாங்க கடைமடை, பேப்பர்ல ஆயக்கட்டு, வாய்க்கால்ல தண்ணி வந்தா அது எங்க அதிர்ஷ்டம், அதுக்காக வெவசாயிங்க ரோட்டுல ஒக்காராத வருசம் கம்மி.

இதெல்லாத்தையும் விட எனக்கு மனசு தாங்காதது கொறங்காடு அழியறது. கிளுவை வேலி வளர ஏழெட்டு வருசம் ஆகும், ஜேசிபி ஒரு மணி நேரத்துல புடுங்கிடுது. சைட் போடறதுக்கு, குடோனுக்கு, சோலாருக்குன்னு ஒவ்வொண்ணாப் போகுது. மிச்சம் இருக்கற கொறங்காட்டுலயும் இப்ப ரெண்டு மூணு வருசமா தெருநாயுங்க கூட்டமா வந்து பட்டில பூந்து ஒரே ராத்திரில பத்து இருபது ஆட்டக் கடிச்சுப் போட்டுடுது, கறிக்கடைக் கழிவ ரோட்டோரம் கொட்டறதாலதான் நாய் இப்படிப் பெருகுச்சுன்னு எங்க ஆளுங்க சொல்றாங்க. செத்த ஆட்டத் தூக்கிட்டு வந்து வெள்ளகோவில் காங்கயம் பக்கம் ரோட்டுல வெச்சு போராட்டம் பண்ணாங்க. ராத்திரி படலச் சாத்திட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்கலாங்கறதுதான் கொறங்காட்டோட அர்த்தமே, அந்த நிம்மதி போனா ஆட்ட வித்துட்டு நெலத்த புரோக்கருக்குக் காட்டிடுவான், அதுதான் நடந்துட்டு இருக்கு.

இனி உங்க சைட் விஷயம். திருப்பூர் ரோட்டுல வெலை ஏறிடுச்சு, தாராபுரம் ரோட்டுலயும் சென்னிமலை ரோட்டுலயும் இன்னும் பேசலாம். குடிதண்ணிக்கு காவிரிக் கூட்டுக்குடிநீர் அந்த எடத்துக்கு வருதா, எத்தன நாளைக்கு ஒருக்கா வருதுன்னு புரோக்கர்கிட்டக் கேக்காதீங்க, பக்கத்து வீட்டு அம்மாகிட்டக் கேளுங்க. போர் போடறதா இருந்தா பக்கத்துல கரிச்சூளை இருக்கான்னு பாருங்க, ஒரு பாட்டில்ல அந்தப் பக்கத்துப் போர்த் தண்ணி புடிச்சு லேப்ல குடுத்து உப்பு எவ்வளவுன்னு பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க. மில்லுக்கும் களத்துக்கும் கெழக்கால சைட் எடுக்காதீங்க, ஆடி மாசம் காத்து மேக்க இருந்து அடிக்கறப்ப உமியும் தூசியும் உங்க வீட்டுக்குள்ள தான் வரும். ஆத்திர அவசரம் இல்லைன்னா ஒரு ஞாயித்துக்கெழம காலைல ஆறு மணிக்கு பழையகோட்டை தாவணிக்கு வந்துட்டுப் போங்க. அப்புறம் ஒண்ணு, நீங்க வாங்கற எடத்துல ஒரு பக்கம் கிளுவை வேலி இருந்துச்சுன்னா அத மட்டும் புடுங்காம விட்டுட்டு மத்த மூணு பக்கத்துக்கு காம்பவுண்ட் கட்டிக்கங்க, அதுல அணில் இருக்கும், தேன்சிட்டு கூடு கட்டும், மழை பேஞ்ச அன்னைக்கு அதோட எலை வாசம் வீட்டுக்குள்ள வரும்.